ஐயாயிரம் அடிக் கோடு: மலைநாட்டு முகிற்காடுகளின் வரலாறு

மலைநாட்டின் வரலாறு பெரும்பாலும் பயிர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பி வந்தது, அழிந்தது. தேயிலை வந்தது, நிலைத்தது என்பதே அதன் சுருக்கம். அப்பயிர்களுக்கு இடங்கொடுத்து மறைந்த காட்டையும் எஞ்சிநின்ற காட்டையும் பற்றிய செய்தி அதில் அடிக்குறிப்பாகவே அமைந்துவிட்டது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டு நிலங்களை அரசுக்குரியனவாகக் கொண்டது. அவை கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. கண்டி மலைச்சரிவுகளிற் காடு வெட்டி எரிக்கப்பட்டது. வெட்டு வேலையிற் சிங்களக் கிராமத்தவரும், தோட்ட வேலையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் ஈடுபட்டனர். ஆயினும், கோப்பி கடுங்குளிரைத் தாங்காத பயிராதலின் உச்சிக் காடுகள் பெரிதும் தப்பின.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியது. அதன்பின் வந்த 1873, இருமுகங்கொண்ட ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது காக்கவேண்டுமென அறிவுறுத்தினார். அதே ஆண்டில் இலங்கைத் தேயிலை, 23 இறாத்தல் மட்டும், இலண்டனுக்கு ஏற்றுமதியாயிற்று. தேயிலையோ குளிரைத் தாங்கும் பயிர். 1890களின் நடுப்பகுதியில் அது மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. 6,000 அடிக்கு மேலமைந்த நுவரெலியாவைச் சூழ இன்றும் காணப்படும் தோட்டங்கள், ஹூக்கரின் கோடு முழுமையாகக் காக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகும். எனினும், ஹோட்டன் சமவெளி போன்ற பகுதிகள் அழியாது எஞ்சின.

எஞ்சிய காட்டின் பயன் யாது? இங்கு மரங்கள் குட்டையானவை; கிளைகளிற் பாசி போர்த்திருக்கும். மழை பெய்யாத வேளையிலும் இலைகளிலும் பாசியிலும் படியும் மூடுபனி துளித்துளியாக மண்ணிற் சேர்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோட்டன் சமவெளி நீர் ஊட்டுகின்றது. 1939இன் பின் அழிந்ததெனக் கருதப்பட்ட மலைத் தேவாங்கு 2002இல் மீண்டும் காணப்பட்டதும் இச்சமவெளியிலேயே.

சட்டப் பாதுகாப்பு மெல்லவே வந்தது. ஹட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள சிவனொளிபாதமலைக் காடு 1940இலும், ஹோட்டன் சமவெளி 1969இலும் சரணாலயங்களாயின. பின்னது 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் இவ்விரண்டும் நக்கிள்ஸ் காடும் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. ஆயினும், ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகும் நிலை தொடர்கின்றது. வேலியிட்டுக் காப்பதால் மட்டும் காடு பிழைத்துவிடாது என்பதை இது உணர்த்துகின்றது.

இவ்வரலாற்றில் ஒரு தரப்பாரின் குரல் கேட்கப்படவேயில்லை. கோடு வரைந்தவர் அறிஞர். அதைக் கடந்தவர் முதலாளிகள். கோட்டின் இருபுறமும் உழைத்தவர் தொழிலாளர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் பண்படுத்திய நிலமும் அவர்களுக்கு உரியதாகவில்லை. ஆயினும், உச்சிக் காட்டில் ஊறும் நீரையே லயங்களில் வாழ்வோர் பருகுகின்றனர். ஓடை வற்றினால் முதலில் அறிபவரும் அவர்களே. காட்டைக் காக்கும் முயற்சியில் அவர்களைப் பங்காளராகக் கொள்வதே, 1873இல் வரையப்பட்ட அக்கோட்டுக்கு இன்று நாம் தரக்கூடிய பொருளாகும்.