வெண்டைக்காயின் பெயர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்பில் 'கம்போ' செய்தேன். எண்ணெயில் மாவைச் செந்நிறமாகும்வரை வறுத்து, வெங்காயமும் குடைமிளகாயும் வதக்கி, வெண்டைக்காயும் காரமும் சேர்த்துக் கொதித்தபின் மீனைப் போடவேண்டும். சோற்றில் ஊற்றிச் சாப்பிடவேண்டும்.

"வழவழப்புப் போகவில்லையே!" என்று முகத்தைச் சுளித்தாள் என் மனைவி.

அந்த வழவழப்புத்தான் குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது என்றேன்.

இது அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துச் சமையல். 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவினார்கள். மறு ஆண்டே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தன. மாவு வறுப்பது பிரெஞ்சு வழக்கம். சிலர் வெண்டைக்காய்க்குப் பதில் தூவும் சஸஃப்ராஸ் இலைப்பொடி, சாக்டா என்ற பூர்வகுடிகள் தந்தது. பெயரோ ஆப்பிரிக்காவினுடையது. பாந்து மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் 'கிங்கொம்போ' போன்ற சொல்லே 'கம்போ' ஆயிற்று என்பார்கள்.

1724-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு ஞானஸ்நானத்தைக் கட்டாயமாக்கியது. விற்பனைப் பத்திரங்களில் பெரும்பாலும் எஜமானர்கள் இட்ட பெயர்களே மிஞ்சின. தாய் வைத்த பெயரைப் பறிகொடுத்தவள் காயின் பெயரை மட்டும் விடவில்லை. அவளை விலைக்கு வாங்கியவனும் அவள் சொல்லைச் சொல்லித்தான் சோறு கேட்டான்! அமெரிக்கா முழுவதும் அடிமைத்தளை சட்டப்படி அறுந்தது 1865-இல்தான்.

மனைவி இரண்டாம் முறை தட்டை நீட்டினாள்.

"வெண்டைக்காய்க் குழம்பு என்றே சொல்லிவிடலாமே?"

"சொல்லலாம். அவளும் அதைத்தான் சொன்னாள்."