நம்ம மாவட்டமும் சைக்கிளும்

மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தாங்க என்று போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொன்னார்கள். சேமிப்பு, வங்கிக் கடன், சுழல்நிதி பற்றி எழுத நம்மிடம் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். "இந்தக் காலத்துல யாருக்குடி சைக்கிள்" என்று சிரிக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் சைக்கிளை விட்டுவிட்டு எழுத முடியாது. வடநாட்டில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்தில் நம்ம மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதை பாடமாகவே இருந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியது. அங்கே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இங்கே நம்ம பிள்ளைகளைக் கேட்டால் "அப்படியாம்மா?" என்கிறார்கள்.

1991இல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் வாத்தியார்களும் ஊர் இளவட்டங்களும் சேர்ந்து இரவு வகுப்பு எடுத்தார்கள். படிக்க வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். சொல்லிக் கொடுக்க வந்த தொண்டர்களிலும் பெண்பிள்ளைகள் நிறைய. இங்கேதான் சிக்கல் வந்தது. நம்ம மாவட்டம் வானம் பார்த்த பூமி, ஊர்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு காலனியில் வகுப்பு முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஒரு பெண் எப்படிப் போவாள்? அண்ணனையோ புருஷனையோ கொண்டுபோய் விடச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை ஒழித்தால்தான் எழுத்தும் வரும் என்று கலெக்டர் அம்மாவுக்குப் பட்டிருக்கிறது. அதனால் சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளி வேலையில் ஒன்றாக வைத்துவிட்டார்கள். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுங்கள் என்று வங்கிகளிடமும் பேசினார்கள். அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லி எழுதிய பாட்டு ஊர் ஊராகப் பரவியது. எங்க அம்மாவுக்கு இன்னும் முழுப் பாட்டும் தெரியும்.

அம்மாவுக்கு அப்போது 26 வயது. நான் கைப்பிள்ளை மாதிரி, மூன்று நான்கு வயது. வாடகை சைக்கிள் எடுத்து, தண்ணி வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் பழகியிருக்கிறார்கள். ஏன் கண்மாய் என்று கேட்டேன். "ரோட்டுல பழகினா ஆம்பளைங்க டீக்கடையில உக்காந்து சிரிப்பாங்க, கண்மாய்க்குள்ள விழுந்தா கொக்குதான் பாக்கும்" என்றார். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு பேர் கேரியரைப் பிடிக்க, பதினைந்து நாளில் பழகிவிட்டாராம். அப்பத்தா பேசாமல் இருக்குமா? கால் அகட்டி உக்காந்து போறவ குடும்பத்துக்கு ஆவாளா என்று ஒரு வாரம் சாப்பிடவில்லையாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து அம்மா ஒரே நடையில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் இதே கதைதான். கூலிக்குப் போனவர்கள், கல் உடைத்தவர்கள், பால்வாடி டீச்சர், கிராம நர்சு, பட்டை தீட்டும் வேலைக்குப் போன பெண்பிள்ளைகள், முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் ஊர்வலமாக வந்தார்கள். மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தச் சமயத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். அதிலும் சிலர் எனக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம். காரணம் என்ன தெரியுமா? முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். நானும் அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்து போனவள்தான்.

அதே சமயத்தில்தான் நம்ம மாவட்டத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். காண்டிராக்டரிடம் கூலிக்குக் கல் உடைத்தவர்களே குவாரியை எடுத்து நடத்தினார்கள். தர்மபுரியில் 1989இல் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்ததைத்தான் எல்லாக் கூட்டத்திலும் நமக்குச் சொல்லுவார்கள். அது சரிதான். ஆனால் நம்ம பக்கத்தில் பெண்கள் ஒன்றாகக் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் பழகியதில் அறிவொளிக்கும் அந்தக் குவாரிக் குழுக்களுக்கும் சைக்கிளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். கையெழுத்துப் போடத் தெரிந்து, கூட்டத்துக்குத் தானாகப் போகவும் முடிந்தால்தானே குழு.

அப்புறம் சைக்கிள் பள்ளிக்கூடத்துப் பொருளாகிவிட்டது. 2001-02இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு விலையில்லாமல் சைக்கிள் கொடுத்தது. 2005-06இல் அது எல்லாப் பிள்ளைகளுக்குமாக விரிந்தது. பீகாரிலும் 2006இல் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் திட்டம் கொண்டுவந்தார்கள். நான் பத்தாவதோடு நின்றவள், அதனால் எனக்கு அந்தச் சைக்கிள் இல்லை. பதினொன்றுக்குப் போன என் கூட்டாளிகள் வாங்கிய சைக்கிள் பல வீட்டில் கல்யாணத்துக்கு அப்புறம் தம்பிக்கோ மாமனாருக்கோ போய்விட்டது. அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை, எடுத்தால் நன்றாக இருக்கும்.

பிறகு ஸ்கூட்டி காலம். 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தது. பாதி விலை மானியம், அதிகபட்சம் 25,000 ரூபாய். நம் குழுக்களிலேயே எத்தனை பேர் உள்கடன் எடுத்து, மானியம் போக மீதியைக் கட்டினோம். ஸ்கூட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ராத்திரி ஒன்பது மணிக்கு மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கொண்டுபோனேன். ஆனால் எட்டிப் பார்க்கிற தூரத்துக் கடைக்கும் அதையே எடுக்கப் பழகிவிட்டோம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியதும்தான் நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எங்க ஊரிலிருந்து டவுனுக்கு ஆறு கிலோமீட்டர். குழுவின் மசாலாப் பொடியைக் கடைகளுக்குப் போடவும் வங்கிக்குமாக வாரம் நான்கு நாள் போகிறேன். போக, வர, உள்ளே சுற்ற என்று பதினைந்து கிலோமீட்டர். மாதம் பெட்ரோல் மட்டும் 550க்குக் குறையவில்லை. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் தனி. பொடி விற்று எனக்கு நிற்கிற லாபத்தில் நாலில் ஒரு பங்கு டேங்கில் ஊற்றிக்கொண்டு இருந்தேன். சந்தாக் கட்ட முடியவில்லை என்று சொல்லும் குழுவில் இது சின்னத் தொகையா?

ஒரு வருடம் முன்னால் இருந்து பகல் வேலைக்கெல்லாம் சைக்கிளில் போகிறேன். ஸ்கூட்டியை விற்கவில்லை. மழைக்கும் ராத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது நிற்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு முன்பு கால் மணி நேரம் என்றால் இப்போது அரை மணி நேரம். டவுனுக்குள் போய்விட்டால் வித்தியாசமே இல்லை. புதுக்கோட்டை பழைய டவுன் கோடு போட்ட மாதிரி நேர் நேர் வீதிகள். கீழ ராஜ வீதியில் வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் நான் இரண்டு கடைக்குப் பொடி போட்டுவிடுவேன். பின் கேரியரில் சாக்குப்பை கட்டினால் பதினைந்து கிலோ தாங்குகிறது.

கஷ்டம் காலில் இல்லை, வாயில்தான். "என்ன, வண்டிக்கு டியூ கட்ட முடியலையா?", "வீட்டுக்காரர் வித்துப்புட்டாரா?" என்று வழி நெடுகக் கேட்டார்கள். எங்க அம்மா காலத்தில் பெண் சைக்கிளில் ஏறினால் திமிர் என்றார்கள். என் காலத்தில் ஏறினால் இல்லாமை என்கிறார்கள். என் வீட்டுக்காரரே முதல் மாதம் டீக்கடையில் நான் போவதைப் பார்த்தால் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மாதக் கடைசியில் நோட்டைக் காட்டினேன். இப்போது சங்கிலிக்கு எண்ணெய் போடுவது அவர்தான்.

பணக்கார நாட்டில் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். மகள் போனில் தேடி நெதர்லாந்து நாட்டுக் கதையைப் படித்துக் காட்டினாள். அங்கேயும் முன்பு எல்லாரும் சைக்கிள்தான். 1950, 60களில் காசு புழங்கியதும் காருக்கு மாறிவிட்டார்கள், தெருவையெல்லாம் காருக்காக அகலப்படுத்தினார்கள். 1971இல் மட்டும் சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து என்றே பெயர் வைத்து ஒரு இயக்கம் கிளம்பியது. அதன் முதல் தலைவி மார்த்தியே வான் புட்டன் என்ற இளம்பெண். தெருவை மறித்து அங்கேயே மேசை போட்டுச் சாப்பிட்டார்களாம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று அரசே சொன்னது. 1977இல் குரோனிங்கன் என்ற ஊரில் டவுனை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாமல், சுற்றித்தான் போக வேண்டும் என்று செய்துவிட்டார்கள். சைக்கிளும் நடப்பவர்களும் நேராகப் போகலாம். கடைக்காரர்கள் முதலில் சண்டை போட்டார்கள். இன்றைக்கு அந்த ஊரில் கார்களைவிடச் சைக்கிள்தான் கண்ணில் படும். அதைக் கேட்டபோது எனக்கு நம்ம ராஜ வீதிகள்தான் ஞாபகம் வந்தன. கோடு ஏற்கெனவே போட்டு இருக்கிறதே, பிரிப்பதுதானே பாக்கி!

பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஊரிலிருந்து மெயின்ரோடு ஏறும் இடத்தில் எம்சாண்ட் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ரோட்டோரம் மண் ஒரு அடி பள்ளமாகக் கிடக்கிறது, ஒதுங்கினால் விழ வேண்டியதுதான். அந்த இடத்தில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ரோட்டை அகலப்படுத்தும்போது ஓரத்தில் சைக்கிளுக்கு மூன்றடி விடுங்கள் என்று கேட்க இப்போதுதான் நேரம்.

இன்னொன்று. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். அதில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் ஐந்து பேர், எல்லாம் முப்பதுகளில் இருப்பவர்கள். அம்மாக்களுக்குத் தெரியும், மகள்களுக்குத் தெரியும், நடுவில் நமக்குத் தெரியாது. இவர்கள் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வராத நாளெல்லாம் கொண்டுவந்து விட ஆள் இல்லாத நாள்தான். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். சைக்கிள் வாங்க உள்கடன் 6,000 ரூபாய், பத்துத் தவணை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பழக்குவது. பழக்குவதற்கு எங்க அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அறுபது வயதுக்கு ரேஷன் கடைக்கு இன்னும் சைக்கிள்தான். லாரி ரோடு விஷயமாக மனு எழுதி வைத்திருக்கிறேன், கூட்டமைப்புத் தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற ஊராட்சிக் குழுக்களும் சேர்ந்து போட்டால் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோகலாம். சைக்கிளிலேயே போவோம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள்.