எட்டுக் கிலோ கரும்பு

2020 மார்ச் மூன்றாவது வாரம். எங்கள் தெருமுனை மருந்துக்கடையின் கதவில் ஓர் அட்டை தொங்கியது: ‘சானிடைசர், மாஸ்க் இல்லை.’ “எப்பண்ணே வரும்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் “வந்தாத்தான் சொல்ல முடியும் சார்” என்பதுதான் பதில். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் 50 மில்லி பாட்டிலை 200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பில் கிடையாது. வீட்டில் அம்மாவுக்கு எண்பது வயது. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் கைக்கு வந்த பாட்டில் வேறு மாதிரி இருந்தது. அதை இன்றும் வைத்திருக்கிறேன். பம்ப் இல்லை, சாதாரணத் திருகுமூடிதான். லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறது. ஜெல் இல்லை, உள்ளங்கையில் விட்டால் விரலிடுக்கில் தண்ணீராக ஓடிவிடும். சாராய நெடி அடிக்கும். அம்மா முதல் நாள் முகத்தைச் சுளித்து, “இதையா கையில தடவச் சொல்றே?” என்று கேட்டார். லேபிளில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஒரு சாராய வடிப்பாலையின் முகவரி இருந்தது. அந்த நெடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், பாட்டில் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகும்.

ஆலைக்கு வரும் கரும்பைப் பிழிந்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையைப் பிரிக்கிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பிரித்த பிறகு, இனி இதில் சர்க்கரை உறையாது என்ற கட்டத்தில் கறுப்பாக, கெட்டியாக ஒரு பாகு மிஞ்சும். ஆலைக்காரர்கள் அதை மொலாசஸ் என்பார்கள். ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 45 கிலோ கிடைக்கும். அதில் தண்ணீர் சேர்த்து ஈஸ்ட் போட்டால் நுரைத்துப் புளிக்கும். புளித்ததை உயரமான கோபுரங்களில் வடித்தால் 95, 96 சதவீதச் சாராயம் இறங்கும். ஒரு டன் கரும்பின் மொலாசஸ் தருவது சுமார் பத்து, பதினொரு லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மில்லி சானிடைசருக்குப் பின்னால் எட்டுக் கிலோ கரும்பு நிற்கிறது.

தமிழில் இதற்கு எரிசாராயம் என்று பெயர். செய்தித்தாளில் பெரும்பாலும் ‘எரிசாராயம் கடத்தல்’ என்றுதான் படித்திருப்போம். அதனால்தான் அதற்கு இத்தனை காவல். வடிப்பாலையில் ஆயத்தீர்வை அதிகாரியின் கண்காணிப்பு, டேங்கர் லாரி நகர பர்மிட், இறக்கும் இடத்தில் அளவு சரிபார்ப்பு. சாதாரண நாளில் இந்தக் காவல் உயிர் காக்கிறது. கொரோனா கொள்ளைநோய் வந்தபோதோ, சரக்குக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அதுவே ஒரு சுவராகிவிட்டது. நாட்டில் அப்போது சாராயத்துக்குப் பஞ்சமில்லை. மதுவுக்கும் பெட்ரோலில் கலக்கவும் இரசாயன ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்த சரக்கை மருந்துப் பாட்டிலின் பக்கம் திருப்புவதில்தான் சிக்கல்.

மத்திய அரசு மார்ச் 13 அன்று சானிடைசரையும் முகக்கவசத்தையும் அத்தியாவசியப் பொருளாக அறிவித்தது. சில நாளில், 200 மில்லியை 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்ற உத்தரவு வந்தது. சானிடைசருக்குப் போகும் ஆல்கஹாலின் விலையையும் கட்டுப்படுத்தினார்கள். 24ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. வடிப்பாலைகளும் சர்க்கரை ஆலைகளும் உரிமம் பெற்று உற்பத்தியில் இறங்கின. பிரான்சில் எல்விஎம்ஹெச் நிறுவனம் வாசனைத் திரவிய ஆலைகளையே இதற்குத் திருப்பிவிட்டிருந்தது.

சாராயம் வந்துவிட்டது. ஆனால், அதைக் கூழாக்கும் கார்போமருக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அதனால்தான் என் பாட்டில் தண்ணீராக ஓடுகிறது. பம்ப் மூடிக்கும் அதே கதி. ஜூன் 1 அன்று ஏற்றுமதித் தடையைத் தளர்த்தியபோதுகூட, பம்ப் வைத்த பாட்டிலுக்கு மட்டும் தடை நீடித்தது.

வடிப்பாலைக்காரருக்குச் சானிடைசர் செய்யும் பக்குவம் எப்படித் தெரிந்தது? உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீட்டில், யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருந்தது. பத்து லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரின் 145 மில்லி, மீதிக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர். பாட்டிலில் ஊற்றி மூடி 72 மணிநேரம் தொடாமல் வைக்க வேண்டும். சாராயத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் பாட்டிலில் ஒட்டியிருந்தால், அந்த மூன்று நாளில் பெராக்சைடு அவற்றை ஒழித்துவிடும்.

இந்த வழியை உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர் டிடியே பிட்டே. தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர் முறைப்படி கை கழுவ வேண்டுமானால் ஒரு மணிநேரத்தில் இருபது தடவைக்கு மேல் குழாயடிக்குப் போக வேண்டும் என்று அவர் கண்டார். அப்படிக் கழுவினால் நோயாளியைப் பார்க்க நேரம் ஏது? குறை செவிலியரிடம் இல்லை, குழாய் இருக்கும் தூரத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, சாராயக் கரைசலைக் கட்டிலருகே வைத்தார்கள். கை சுத்தம் பேணுவது 1994இல் 48 சதவீதமாக இருந்தது, 1997இல் 66 ஆனது. செய்முறைக்குக் காப்புரிமை வாங்காமல் பொதுவில் வைத்தார்கள். எங்கோ ஒரு கரும்பு ஆலையில் எடுத்த சரக்கு எங்கள் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தப் பெருந்தன்மையே காரணம்.

உள்ளங்கைக்கு வந்த பிறகு இதன் ஆயுள் இருபது, முப்பது விநாடி. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய உறை உண்டு. சாராயம் அதைக் கரைத்து, புரதத்தையும் குலைத்துவிடும். சுத்தச் சாராயமே இன்னும் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. புரதம் குலையத் தண்ணீரும் வேண்டும். சுத்தச் சாராயம் வேலையை முடிப்பதற்குள் ஆவியாகிவிடும்.

இதே பயணத்தில் வழி தவறியவையும் உண்டு. ஜூலைக் கடைசியில் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம் குறிச்சேடில் மதுக்கடை மூடியிருந்த நாட்களில், பத்துக்கும் மேற்பட்டவர்கள் சானிடைசரைக் குடித்து இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இந்தப் பாட்டிலைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பாட்டிலால் ஆகாத வேலை ஒன்று இருக்கிறது. மண்ணோ, எண்ணெய்ப் பிசுக்கோ, அழுக்கோ படிந்த கையில் இது சரிவர வேலை செய்யாது. அந்தக் கைக்குத் தண்ணீரும் சோப்பும்தான் மருந்து. வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பும் உடைக்கும். அந்த மாதங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம். பல ஊர்களில் பாதபூஜைகூட நடந்தது. அவர்கள் கையிலும் இந்தப் பாட்டில்தான் கொடுக்கப்பட்டது. குப்பையை அள்ளிய கையில் அதை ஊற்றித் தேய்ப்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அழுக்கு கரைந்து விரலெல்லாம் பரவியதே தவிர, கை சுத்தமாகவில்லை. அந்தத் தெருவில் பொதுக் குழாய் இல்லை. இன்றும் இல்லை.

உங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வருகிறவர் சாப்பிடுவதற்குமுன் எங்கே கை கழுவுகிறார் என்று ஒருநாள் கேளுங்கள். இடம் இல்லை என்றால் வார்டு கவுன்சிலரிடம் குழாய் கேளுங்கள். அது வரும்வரை உங்கள் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பும் வையுங்கள்.