ஓடவிடாத கால்கள், ஓயாத குரல்: மார்ட்டி கிளிக்மன்

போன மாதம் எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு மாணவனிடம் மைக்கைக் கொடுத்தோம். நல்ல குரல், கூச்சமும் இல்லை. ஆனால் அரை மணித்தியாலமாக "சூப்பர்... சூப்பர்... ஆஹா" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை. பந்தலுக்குப் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு யார் ஓடுகிறார்கள், யார் முந்துகிறார்கள் என்று எதுவுமே விளங்கவில்லை. அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தவர் மார்ட்டி கிளிக்மன்.

கூடைப்பந்தாட்டத்தை வானொலியில் எப்படிச் சொல்வது என்று அமெரிக்காவுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர். 1917 இல் நியூயோர்க்கில், ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். (யூதரின் கதையை ஏன் சேர் எழுதுகிறீர்கள் என்று இன்பொக்ஸில் கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.)

வர்ணனையாளராகும் முன் அவர் ஓட்டக்காரர். 18 வயதில் அமெரிக்க அணியில் இடம்பிடித்து 1936 பேர்லின் ஒலிம்பிக்குக்குப் போனார். ஹிட்லரின் ஒலிம்பிக் அது. 4×100 மீற்றர் அஞ்சலோட்டத்துக்காக அவரும் சாம் ஸ்டொலரும் நாட்கணக்காகக் கோல் மாற்றிப் பழகினார்கள். அமெரிக்கத் தடகள அணியில் இருந்த யூதர்கள் இந்த இருவர் மட்டுமே. தகுதிச்சுற்று நாள் காலையில் பயிற்றுநர் லோசன் ரொபர்ட்சன் ஓட்டக்காரர்களைக் கூப்பிட்டு, ஜேர்மனியர் தங்கள் சிறந்த வீரர்களை ஒளித்து வைத்திருப்பதாகக் கேள்வி, ஆகவே உங்கள் இருவருக்கும் பதிலாக ஜெசி ஓவன்ஸும் ரல்ஃப் மெட்காஃபும் ஓடுவார்கள் என்றார்.

ஓவன்ஸ் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசினார். தனக்கு மூன்று தங்கம் கிடைத்துவிட்டது, களைத்தும் போய்விட்டேன், மார்ட்டியும் சாமும் ஓடட்டும் என்றார். உதவிப் பயிற்றுநர் டீன் குரோம்வெல் அவரை அடக்கிவிட்டார். கறுப்பின மனிதர் ஒருவர் யூத இளைஞர்களுக்காக வாய் திறந்தார் என்பதைக் கிளிக்மன் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முடிவைப் பாருங்கள். அமெரிக்கா 39.8 செக்கன்களில் உலக சாதனையோடு வென்றது. இத்தாலிக்கு 41.1. ஒளித்து வைத்த வீரர்களால் மிரட்டப்போவதாகச் சொல்லப்பட்ட ஜேர்மனி 41.2 உடன் மூன்றாமிடம். ஒரு செக்கனுக்கும் மேற்பட்ட இடைவெளி! அஞ்சலோட்டம் ஓடியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தூரமென்று. பழைய நால்வரே ஓடியிருந்தாலும் தங்கம் தவறியிராது என்பதே கிளிக்மனின் கணக்கு. அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ் ஹிட்லருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டார் என்று அவர் கடைசிவரை நம்பினார். பிரண்டேஜ் அதை மறுத்தார்.

இவ்வளவோடு நின்றால் இது அநியாயம் செய்யப்பட்டவரின் கதை மட்டும்தான். நான் எழுத வந்ததற்குக் காரணம் அடுத்த வருடம் நடந்தது.

1937. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியில் கிளிக்மனோடு வில்மெத் சிடாட்-சிங் என்றொரு மாணவர் விளையாடினார். கூடைப்பந்தாட்டத்திலும் கெட்டிக்காரர். பெற்றோர் இருவரும் கறுப்பினத்தவர். தகப்பன் காலமானபின் தாய் இந்திய வைத்தியர் ஒருவரை மறுமணம் செய்ய, அவரின் பெயர் பிள்ளைக்கு வந்தது. பத்திரிகைகள் இவரை "இந்து" என்று எழுதின. கறுப்பர் என்றால் சேர்க்காத மைதானத்தில் இந்து என்றால் சேர்த்தார்கள்! அந்த ஒக்டோபரில் பால்டிமோரில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். அதற்குச் சற்று முன் சாம் லேசி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் உண்மையை எழுதிவிட்டார். கறுப்பர் இறங்கினால் விளையாட மாட்டோம் என்றது மேரிலண்ட். சிரக்யூஸ் பணிந்தது. சிடாட்-சிங்கை வெளியே உட்காரவைத்தார்கள்.

பேர்லினில் இதே போன்ற அறையில் உட்கார்ந்து இதே போன்ற பேச்சைக் கேட்டவர் கிளிக்மன். 'வில் விளையாடாவிட்டால் நானும் விளையாடமாட்டேன்' என்று எழுந்து சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. விளையாடினார். இதை வேறு யாரும் கண்டுபிடித்துக் குற்றம் சாட்டவில்லை. அவரே பிற்காலத்தில் சொன்னார், வெட்கத்தோடு.

வானொலி வாழ்க்கை தொடங்கியதும் அதே பருவத்தில்தான். கோர்னெல் அணிக்கெதிராக அவர் அபாரமாக விளையாடியதைப் பார்த்த ஊர்த் துணிக்கடை முதலாளி ஒருவர், 15 டொலருக்கு உள்ளூர் வானொலியில் பேசச் சொன்னார். பிறகு நியூயோர்க், பிறகு யுத்தம். யுத்தம் முடிந்து வந்து மெடிசன் ஸ்குயார் கார்டனில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம், 1946 இல் தொடங்கிய நியூயோர்க் நிக்ஸ் அணியின் குரல்.

கூடைப்பந்தாட்டம் வானொலிக்குச் சரிவராது என்பதுதான் அன்றைய எண்ணம். கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து மூச்சுவிட நேரமுண்டு. இங்கே பத்துப் பேர் நிற்காமல் ஓடுகிறார்கள். கிளிக்மன் செய்தது என்னவென்றால், 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அந்தத் தரையைக் கேட்பவரின் மனதில் ஒரு படமாகக் கீறியது. நடுக்கோடு, ஃப்ரீ த்ரோ கோடு, அதன் மேல் வளைவு, இடது மூலை, வலது மூலை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே பெயர். பந்து யாரிடம், எந்த இடத்தில், எந்தப் பக்கம் போகிறது. முதலில் அதைச் சொல்ல வேண்டும், ஆச்சரியமெல்லாம் பிறகு. வளையத்தில் படாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு பந்து இறங்கும் சத்தத்தை அவர் 'ஸ்விஷ்' என்றார். அந்தச் சொல் அப்படியே விளையாட்டின் மொழியாகிவிட்டது.

நியூயோர்க் ஜயண்ட்ஸ் அணியின் உதைபந்தாட்டத்தையும் அவர் பல வருடங்கள் வர்ணித்தார். மைதானத்துக்கு டிக்கெட் எடுத்து வந்தவர்களே கையில் ட்ரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு அவர் குரலைக் கேட்டார்கள். அவரிடம் உதவியாளனாக இருந்த இளைஞன் மார்வ் ஆல்பர்ட், 1963 இல் அவர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட ஓர் இரவு மைக்கைப் பிடித்து, பின்னாளில் நிக்ஸ் அணியின் குரலாகவே ஆனார். 1972 இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய முதல் விளையாட்டுப் போட்டியிலும் கிளிக்மனின் குரல்தான்.

இப்படி எத்தனையோ. ஆனால் 1985 இல், ஜெசி ஓவன்ஸ் நினைவு நிகழ்வுக்காகப் பேர்லின் மைதானத்துக்குள் மீண்டும் கால் வைத்தபோது, ஏறத்தாழ ஐம்பது வருடங்களாக உள்ளே கிடந்த கோபம் தன்னைப் பிடித்து உலுக்கியதாக அவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு கோபம் தனக்குள் இருந்தது அதுவரை அவருக்கே தெரியாது.

1998 இல் அமெரிக்க ஒலிம்பிக் குழு அவருக்கும், அப்போது உயிருடன் இல்லாத ஸ்டொலருக்கும் ஒரு விருதைக் கொடுத்து, 1936 இல் நடந்தது தவறென்று ஏற்றுக்கொண்டது. 2001 ஜனவரி 3 ஆம் திகதி, இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் கிளிக்மன் காலமானார்.

சிடாட்-சிங்குக்கு அவ்வளவு ஆயுள் வாய்க்கவில்லை. யுத்தகாலத்தில் விமானியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, 1943 இல் ஹியூரன் ஏரிக்கு மேலே விமானம் பழுதாகி இறந்துபோனார். மேரிலண்ட் பல்கலைக்கழகம் அவருடைய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது 2013 இல்.

அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ்.