லிட்டருக்கு 550 கிராம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மிளகின் தரத்தை லிட்டர் எடையால் அறிவார்கள். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய மிளகைக் கொட்டி, தலைதட்டி நிறுத்தால் 550 கிராம் தேற வேண்டும். தேறினால் ஏற்றுமதிக்குரிய 'மலபார் கார்பிள்ட்'. தேறாவிட்டால் முற்றாத மணியும் பதரும் கலந்திருக்கிறது என்று பொருள். தூற்றுவதற்கு மறுபடி போகும்.

பொருளின் சந்தை வாழ்வை அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று நான்கு பருவமாக வகுப்பார்கள் வணிகப் பேராசிரியர்கள். மிளகும் அந்த நான்கையும் கடந்ததுதான். யவனக் கப்பல்கள் முசிறிக்கு வந்த காலத்தில் அதை யாரும் புகழ்ந்து விற்க வேண்டியிருக்கவில்லை. ரோமில் அது விளையாது என்பதே போதுமானதாக இருந்தது. வளர்ச்சிப் பருவத்தில் போட்டி துறைமுகத்துக்காக நடந்தது. 1503இல் போர்த்துகீசியர் கொச்சியில் கோட்டை எழுப்பினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

முதிர்ச்சியைப் பார்க்க மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்கு வர வேண்டும். 1957இல் அமைந்த இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இங்கே முன்பேர வணிகம் நடத்தியது. மூட்டை பண்டகசாலையில் கிடக்கும். வரப்போகும் மாதத்தின் விலை மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். 1997இல் வெளிநாட்டு வணிகர்களுக்கும் அந்தச் சந்தை திறந்தது. சில ஆண்டுகளில் நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் வந்தன. மும்பையில் உட்கார்ந்தபடியே மிளகு வாங்கலாம் என்றானபின் யூதத் தெருவின் கூச்சலுக்கு வேலை குறைந்தது.

அதே காலத்தில் சரிவும் தொடங்கியது: வியட்நாம் விளைச்சலில் இந்தியாவை முந்தியது. மலிவு மிளகைத் தடுக்க 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2012 டிசம்பரில், கனிம எண்ணெய் பூசப்பட்டிருந்ததாகக் கண்டு கொச்சிக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வைத்தது. அதே மாதம் கொச்சி-முசிறிஸ் பியனாலே என்ற கலைத் திருவிழா தொடங்கியது. பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கில் கலைப்படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள்.

மட்டாஞ்சேரியோடு மிளகின் கதையும் முடிந்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் 1972இலேயே, எறணாகுளம் மாவட்டம் கோலஞ்சேரி அருகே, சி.வி. ஜேக்கப் சிந்தைட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே மிளகிலிருந்து ஓலியோரெசின் எடுக்கிறார்கள்: மணமும் காரமும் திரண்ட கெட்டிச் சாறு. உலகெங்கும் இறைச்சிக்கும் நொறுக்குத் தீனிக்கும் சுவையூட்டுகிறவர்கள் இப்போது மூட்டைக்குப் பதில் டிரம்மாக வாங்குகிறார்கள்.

அந்தச் சாற்றுக்கு ஏற்றது எந்த மிளகு தெரியுமா? மாவு ஏறாத, எண்ணெயும் காரமும் மிகுந்த இளம் மணி. லிட்டர் எடையில் 550 கிராம் தேறாமல் தூற்றித் தள்ளினார்களே, அதே மணி.