சோம்பல் வாயு சொல்லும் வரலாறு

நாம் உட்கொள்ளும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு என்பதை மாணவர் அனைவரும் அறிவர். எஞ்சியுள்ள ஏறத்தாழ ஒரு பங்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பூமியின் காற்றுப் போர்வை எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்கு விடைகாண உதவியது அச்சிறு பங்கேயாம்.

இங்கிலாந்தில் ராலே பிரபு என்னும் பௌதிக அறிஞர் நைட்ரஜனை நிறுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து பெற்றதைவிட 200இல் ஒரு பங்களவு கனமாயிருந்தது. தசமப் புள்ளிக்குப் பின்வரும் கடைசி இலக்கங்களைத் துச்சமென விட்டுவிடும் மாணவர் பலரை என் ஆசிரியத் தொழிலில் கண்டிருக்கிறேன். ராலே அவ்வாறு விட்டாரல்லர். ராம்சேயும் அவருமாக ஆராய்ந்து, 1894இல் புதியதொரு வாயுவைக் கண்டனர். எதனோடும் எளிதில் கூடாத அதற்குச் 'சோம்பல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ஆர்கான் எனப் பெயரிட்டனர்.

சூரியனைச் சூழ்ந்திருந்த ஆதி வாயுவே நம் காற்றாயின், அதில் நியானும் மிகுந்திருத்தல் வேண்டும். அண்டத்தில் நியான் நைட்ரஜனுக்கு ஏறத்தாழ நிகராக உள்ளது. நம் காற்றிலோ, பத்து லட்சம் பங்கில் 18 பங்கே நியான்! ஆகவே ஆதிக் காற்று நிலைக்கவில்லை என்பதும், பாறைகளுள் சிறைப்பட்டிருந்த வாயுக்களே எரிமலைகள் வாயிலாக வெளிப்போந்தன என்பதும் புலனாயின. பிராணவாயு மட்டும் பின்னர் உயிர்கள் ஈந்த கொடை.

இதற்கு ஆர்கானும் சான்று பகர்கின்றது. நம் காற்றிலுள்ள ஆர்கானில் 100க்கு 99 பங்குக்கு மேல் அணு எடை 40 உடையது. பாறைகளிலுள்ள ஒருவகைப் பொட்டாசியம் சிதைவதால் இது பிறக்கின்றது என 1937இல் ஜெர்மானிய அறிஞர் வைட்சேக்கர் கருதினார். 1948இல் அமெரிக்காவில் ஆல்ட்ரிச், நீர் என்னும் இருவர், பழைய பொட்டாசியக் கனிமங்களில் இவ்வாயுவைக் கண்டு அதனை மெய்ப்பித்தனர். அப்பொட்டாசியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள் ஆகும்.

1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்கும் ஆர்கானைக் கண்டன. அதன் கன அணுவையும் இலேசான அணுவையும் ஒப்பிட்டு, ஒருகாலத்தில் அங்கிருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு விண்வெளியில் கலந்துவிட்டதென 2017இல் மேவன் ஆய்வுக் குழுவினர் கணித்தனர். செவ்வாய் இழந்த காற்றின் அளவை இவ்வாறே நாம் அறிகிறோம்.

மாணவச் செல்வங்களே! எதனோடும் கூடாமையால் ஆர்கான் பழைய கணக்கை அழியாது காத்து வந்தது. அக்கணக்கேட்டை முதலில் திறந்தது, ஒருவர் தம் தராசில் கண்ட சிறு வேற்றுமையைப் புறக்கணியாமையே. உங்கள் ஆய்வுச்சாலைக் குறிப்பேட்டில் பொருந்தாத எண் ஒன்று வருமாயின், அதனை அழிப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.