திருக்கார்த்திகை விளக்கு

கார்த்திகைத் திங்களில் நிறைமதி கார்த்திகை மீனொடு கூடும் நாளில் விளக்கேற்றி வழிபடுதல் தமிழகத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் இவ்விழாவைக் குறிக்கின்றார். தெருக்களில் விளக்குகளும் மாலைகளும் விளங்கப் பழைய ஊர் திரண்டு கொண்டாடும் நள்ளிரவு அது. ஆயினும், அப்பாட்டு விழாவைப் போற்ற எழுந்ததன்று. பிரிந்து சென்ற தலைவன் அவ்விழாவில் உடனிருக்க வந்து சேரானோ என்று ஒரு தலைவி ஏங்குகின்றாள்.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்திலும் இத்திருநாள் இடம்பெறுகின்றது. அங்கும் ஒரு பிரிவே பொருள். அரவு தீண்டி மாண்ட பெண்ணின் என்பு நிறைந்த குடத்தின் முன் நின்று, இவ்விழாவைக் காணாமலே போதல் தகுமோ என வினவுகின்றார் பெருமான். அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்கின்றது பெரியபுராணம். அகத்திணைப் புலவரும் சமய ஆசாரியரும் ஒரே நாளை, அருகில் இல்லாதாரை அழைக்கும் நாளாகக் கண்டமை எண்ணி இன்புறத்தக்கது. வாயிலில் விளக்கு வைக்கும் வழக்கமும் இதற்கு இயைந்ததே. வீட்டினுள் இருப்பார்க்கு வாயில் விளக்கு எற்றுக்கு?

திருவண்ணாமலையிலோ இக்கருத்து மலையளவு ஓங்கி நிற்கின்றது. மாலும் அயனும் தேடிக் காணவொண்ணாத சோதி, எளியார் கண்ணுக்கும் புலப்படுமாறு 2,668 அடி உயர முடியில் சுடராய் நிற்கின்றது. விடியலில் ஏற்றப்பெறும் பரணி தீபம் ஒன்று ஐந்தாக விரியும். மாலையில் அர்த்தநாரீசுவரர் சில கணமே வெளிவந்து காட்சியளிக்க, மலைமேல் தீபம் எழும். அதனை ஏற்றும் உரிமை பருவதராச குலத்தாருடையது. செல்வர் தந்த நெய்யும் ஏழை தந்த நெய்யும் கொப்பரையுள் ஒன்றாகிவிடும். நெய்யில் பெயர் பொறிக்க எவராலும் இயலாதன்றோ!

2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் டிசம்பர் 1 அன்று இம்மலைச் சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். அதனால், டிசம்பர் 13 அன்று நிகழ்ந்த தீபத் திருநாளில் அடியார்கள் மலையேற இசைவு தரப்படவில்லை. திருப்பணிக்கு உரியோர் மட்டும் கொப்பரையும் நெய்யும் சுமந்து சென்றனர். துயருற்ற ஊர் கீழே காத்திருக்க, தீபம் எழுந்தது. மலைவிளக்கு ஏறிச் சென்றாரைவிட ஏற இயலாதார்க்கே உரியது என்பது அவ்வாண்டில் நன்கு விளங்கிற்று.

சுடர் 11 நாள் எரியும். பின்னர்க் கொப்பரையிலிருந்து எடுக்கப்பெறும் மை, ஆருத்திரா தரிசனத்தன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தப்பெற்று, அடியார்களுக்கு வழங்கப்படுகின்றது.